குழாயைப் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டேன் என்று நான் எழுதவே இல்லை

மதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி ஐயா அவர்களின் சமூகத்துக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் பொய் சொல்லிக் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்பதால், நலமில்லை என்றே எழுதுகிறேன். அங்கு நீங்களும் அம்மாவும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. 'வருங்கால' என்ற வார்த்தையை நீங்கள் இன்னும் அடித்துப் போடவில்லை என்ற நம்பிக்கையில்தான் மேலே அப்படி விளித்திருக்கிறேன். ஏற்கெனவே அடித்தாயிற்று என்றால், தயவுசெய்து இதைக் கடைசி வரை படித்துவிட்டு ஒருமுறை யோசியுங்கள்.

தங்கள் கடிதம் இன்று காலை வந்தது. வாசலில் நின்றபடியே பிரித்தேன். உட்கார்ந்து பிரித்திருக்க வேண்டும். 'தாங்கள் அனுப்பியதில் இந்த நான்கு மெயில்களையும் குடும்பத்தோடு படித்தோம். பெண்ணைப் பெற்ற ஒருவர் இப்படியும் எழுதுவாரா என்று வாயடைத்துப் போனோம்' என்று எழுதி, அந்த நான்கையும் காகிதத்தில் அச்செடுத்து உள்ளே வைத்திருந்தீர்கள். ஐயா, எனக்குக் காலுக்குக் கீழே தரை நழுவியது. தபால் ஆபீசில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கும் மேஜையில் நின்று நின்றே என் தலை நரைத்தது. இந்த ஊரில் யார் யாருக்கு எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஒட்டாத உறை கைக்கு வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு பசை தடவி ஒட்டியவன் நான். அப்படிப்பட்டவன் பெயரில், அவனுக்கே தெரியாமல், நான்கு கடிதம் போயிருக்கிறது! என் வீட்டுக்காரி என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "என்னங்க, மாப்பிள்ளைக்குத் தோள் கோணல்னு எழுதியிருக்கீங்க! புத்தி கித்தி பெசகிப் போச்சா உங்களுக்கு?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், மாப்பிள்ளையின் தோளை நான் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தேன், லட்சணமாக இருந்தது, அத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று நினைப்பீர்கள். காலையிலிருந்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்கள் எடுக்கவில்லை. கோபம் நியாயம். ஆகவே எனக்குக் கைவந்த ஒரே வழியில், பேனாவும் காகிதமுமாக, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் எனக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் உங்களால் வந்ததுதான் ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இனிமே எதுவானாலும் மெயில்ல போட்டுடுங்க, நாளைக்கு நான் சொன்னேன் நீ சொன்னேன்னு பேச்சு வரக் கூடாது பாருங்க" என்றீர்கள். கோர்ட்டில் வேலை பார்த்தவர், அனுபவஸ்தர், சொன்னால் சரியாக இருக்கும் என்று நானும் மண்டையை ஆட்டினேன். நீங்கள் தெரு திரும்பின பிறகுதான் எனக்கு மெயில் போடத் தெரியாது என்பதே ஞாபகம் வந்தது. பெண்ணிடம் போன் இருக்கிறது, அதில் எல்லாம் போகும். ஆனால் பெண்ணின் கல்யாணப் பேச்சைப் பெண்ணின் போனிலேயே பேசுவதா? எந்த ஊர் முறை அது? எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதனால் தெரு முனையிலிருக்கும் நூலகத்தில், பெரியவர்களுக்கான கம்ப்யூட்டர் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த நேரம் சரியில்லை.

நூலகம் சின்னது. முன் அறையில் செய்தித்தாளும் நூலக அம்மாவும், பின் அறையில் கம்ப்யூட்டர்களும். பேச்சுக்குத்தான் நான்கு கம்ப்யூட்டர். ஒன்றில் படம் தெரியும், சத்தம் வராது. ஒன்றில் சத்தம் வரும், எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. சுவரோரம் இருப்பது திறந்த நாள் முதல் எழுந்திருக்கவே இல்லை, ஆனாலும் தினமும் தூசி தட்டித் துணி போர்த்துகிறார்கள். மெயில் போவது ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மட்டுந்தான். ஆகவே வகுப்பு முழுக்க அந்த ஒரே நாற்காலிக்கு முறை போட்டுக்கொண்டு நிற்போம். நான் எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ளவன். அச்சு மிஷினோ முன் அறையில் நூலக அம்மாவின் மேஜைமேல் இருக்கிறது. அது காகிதத்தைக் கவ்வினால் விடாது. நான் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுக்க, சில நாள் நூலக அம்மாவும் சேர்ந்து இழுப்பார். இவ்வளவும் முடிந்து நான் திரும்பி வருவதற்குள் என் நாற்காலியில் இன்னொருத்தர் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்திருப்பார்.

இங்கேதான் வினை. எழுந்து போகிறவர் தன் மெயிலை மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்று நூலக அம்மா தலைப்பாடாக அடித்துக்கொள்கிறார். பலகையில் எழுதிப் போட்டார். நாங்களும் பயபக்தியோடு பார்த்து எழுதிக்கொண்டோம். ஆனால் அடுத்த ஆள் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அவர் கண்ணெதிரே மூடிவிட்டு எழுந்தால் என்ன நினைப்பார்? 'நான் என்ன திருடனா'ன்னு கேட்க மாட்டாரா? மனுஷனுக்கு மனுஷன் ஒரு மரியாதை வேண்டாமா? அதனால் எல்லோரும் திறந்தது திறந்தபடியே, "உக்காருங்க, உக்காருங்க, சூடாத்தான் இருக்கு" என்று உபசாரம் சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். போதாக்குறைக்குப் பாஸ்வேர்டு ஒரு கூத்து. உதாரணத்துக்கு என்று நூலக அம்மா பலகையில் குடை என்ற வார்த்தையையும் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்றையும் எழுதிக் காட்டினார். டீச்சர் எழுதிப் போட்டதை மாற்றி எழுதுகிற பழக்கம் எங்களில் யாருக்கும் சின்ன வயசிலேயே கிடையாது. வகுப்பு மொத்தமும் அதையே வைத்துக்கொண்டோம். விஷயம் தெரிந்த அன்று அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "ஐயோ, ஆளுக்கு ஒண்ணு மாத்துங்க!" என்று கத்தினார். நாங்களும் கூடிப் பேசி, யாராவது மறந்தால் யாரையாவது கேட்டுக்கொள்ளலாமே என்று, எல்லோருமாக ஒரே வேறு வார்த்தைக்கு மாறிக்கொண்டோம். அந்த அம்மா அன்றைக்கு வகுப்பு எடுக்கவில்லை.

சரி, தங்கள் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு இன்று வகுப்புக்குப் போய், அறை நடுவில் நின்று, "என் பேர்ல எவன் எழுதினது?" என்று கேட்டேன். என் குரலுக்கு முன் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். முதல் மெயிலை வாசித்தேன். நிச்சயத்தை இந்த மாதமே வைத்துக்கொள்ளலாமா என்று தாங்கள் கேட்டதற்கு, 'என்ன அவசரம்? பின்னால் யாராவது ஹார்ன் அடிக்கிறார்களா? மெதுவாக வரவும்' என்று பதில் போயிருக்கிறது. சந்தேகமே வேண்டியதில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வகுப்பில் இருக்கிறார், பேரே ஹார்ன்தான், அவர் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுவாராம். மனுஷன் மறைக்கவே இல்லை.

"ஆமா, நான்தான் போட்டேன். அதுக்கு என்ன இப்ப? நீங்க முன் ரூம்ல பேப்பர புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தீங்க. மெயில் வந்து நிக்குது. வந்தவங்களுக்கு ஒரு பதில் சொல்லாம எப்படி விடறது?"

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல? என் பொண்ணு கல்யாணம்யா அது!"

"அதனாலதான்! சின்ன விஷயம்னா நான் கண்டுக்கவே மாட்டேன். பொண்ணு கல்யாணத்துல இவ்வளவு வேகம் போனா நல்லாவா இருக்கு? நாலு எடம் விசாரிக்க வேணாமா? உங்க நல்லதுக்குத்தான் பிரேக் புடிச்சேன்."

நல்லதுக்காம்! நான் அடுத்ததை எடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக, கல்யாண உடை தைக்கப் பெண்ணின் அளவைக் கேட்டு, கூடவே மாப்பிள்ளை கோட்டுப் போட்டு எடுத்த படத்தையும் அனுப்பியிருக்கிறார். அதற்கு என் பெயரில் போன பதிலில் பெண்ணின் கழுத்து, கை, இடுப்பு எல்லாம் பிசகில்லாமல் இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'மாப்பிள்ளைக்கு இடது தோள் இறக்கம். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தால் வெளியே தெரியாது. கவலைப்படாதீர்கள், இதைவிடக் கோணலை எல்லாம் நான் நிமிர்த்தியிருக்கிறேன்' என்று முடிகிறது. ஐயா, தபால் ஆபீஸ்காரன் எந்தக் கோணலை நிமிர்த்துவான்? இதைப் பார்த்ததுமே தாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எழுதினது எங்கள் தெருத் தையல்கார அக்கா. என் பெண்ணுக்குப் பாவாடை தைத்த நாளிலிருந்து அளவு எல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம்.

"அண்ணே, பொய்யா எழுதினேன்? வேணும்னா டேப்பு குடுத்துவிடறேன், அளந்து பாக்கச் சொல்லுங்க. ரெண்டு விரக்கடை இறக்கம். பாவம் அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க" என்று அந்த அக்கா என்னையே மடக்கினார்.

மூன்றாவதை எடுத்தேன். கல்யாணத்தை முன்னிட்டு மாடியில் தம்பதிக்குப் புதுக் குளியலறை கட்டப்போவதாகத் தாங்கள் பெருமையாக எழுதியிருந்தீர்கள். எவ்வளவு பெரிய மனசு! யாராக இருந்தாலும் நன்றி சொல்வார்கள். என் பெயரில் என்ன போயிருக்கிறது? 'ஹாலுக்கு மேலே குளியலறை வைத்தால் சுவர் ஊறும். பழைய இரும்புக் குழாயா, புதுசா என்று தெரிவிக்கவும். குழாயைப் பார்க்காமல் பெண் கொடுக்க மாட்டேன்.' எங்கள் வகுப்புக் குழாய்க்காரர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "நான்தான்யா எழுதினேன். மனசுல பட்டதச் சொன்னேன். ஒழுகுற வீட்டுல போயி ராத்திரி பகலா வாளி வெச்சுக்கிட்டு நிக்கறதுக்கா பொண்ணப் பெத்தீங்க? சம்பந்தம் பேசறவங்க குணத்தப் பாக்கறாங்க, குலத்தப் பாக்கறாங்க, குழாய ஒருத்தனும் பாக்கறதில்ல. நானே நேர்ல போயி பாத்துட்டு வரேன், கூலி வேணாம்" என்றார். வகுப்பே 'அதானே' என்று தலையாட்டியது. என் மானம் கப்பலேறிக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு அதானே!

இதில் என்னையும் ஒரு வார்த்தை மடக்கினார்கள். போன வாரம் குழாய்க்காரருக்கு 'நாளை வருவீர்களா' என்று ஒரு மெயில் வந்து நின்றபோது, 'கண்டிப்பாக வருவார்' என்று நான் போட்டுவிட்டேனாம், அவர் மழையில் நனைந்துகொண்டு ஊர்க் கடைசிக்குப் போய் வந்தாராம். போட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 'வருவார்' என்றுதானே போட்டேன்? 'வருவேன்' என்று போடவில்லையே? இவர்கள் என் வாயையே கடன் வாங்கிப் பேசியிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா, நீங்களே சொல்லுங்கள்.

இந்த மூன்றையும்கூட, ஐயா, அறியாத ஜனங்கள் ஏதோ பாசத்தில் செய்த கிறுக்குத்தனம் என்று நீங்கள் பெரிய மனசு பண்ணி மன்னிக்கலாம். என்னை உலுக்கிப் போட்டது அந்த நான்காவதுதான். ஒரே வரி. 'பெண்ணுக்கு இஷ்டமில்லை. மன்னிக்கவும்.' அதை வாசித்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டேன். இதுவரை நானே, நானே என்று நெஞ்சை நிமிர்த்தினவர்களைப் பார்க்க வேண்டுமே! ஹார்ன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். தையல்கார அக்கா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். குழாய்க்காரர், துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து அந்தத் துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்த நூலக அம்மா காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மெதுவாக, "ஐயா, இத இங்க விசாரிக்காதீங்க. வீட்டுக்குப் போயி விசாரிங்க" என்றார்.

வீட்டிலாம்! என் வீட்டில் இருப்பது மூன்று பேர். நான் எழுதவில்லை. என் வீட்டுக்காரி இருக்கிறாளே, அவளிடம் கேட்டேன். "ஏங்க, அந்தப் பெட்டிய எந்தப் பக்கம் நின்னு பாக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. எம் மேலயா சந்தேகம்?" என்று அழுதேவிட்டாள், சமாதானம் பண்ணவே எனக்கு மத்தியானமாகிவிட்டது. ஆகவே இது வெளியாள் வேலை. எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்கிறேன்: உங்கள் பிள்ளை மாதிரி ஒரு வரனைத் தட்டிக்கொண்டு போக எத்தனை பேர் காத்திருப்பார்கள்! பெண் வைத்திருக்கிற எவனோ ஒருத்தன் அந்த ஜன்னல் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறான். வகுப்புக்காரர்களுக்கு அவனைத் தெரியும், காட்டிக்கொடுக்கப் பயப்படுகிறார்கள்.

என் பெண்ணுக்கு இஷ்டமில்லையாம். கேட்டீர்களா அநியாயத்தை! தாங்கள் வந்த அன்று அவள் குனிந்த தலை நிமிரவில்லையே, அதை நீங்களே பார்த்தீர்கள். நீங்கள் போன பிறகு, "என்னம்மா, உனக்குச் சம்மதந்தானே?" என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். அவள் பதிலே சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்? அவள் எதிலும் எதிர்த்துப் பேசாத பெண் ஐயா. நான் ஒரு வார்த்தை சொன்னால் மறுவார்த்தை கிடையாது. அந்த தைரியத்தில்தானே, கல்யாணமானதும் பெண் வேலைக்குப் போக மாட்டாள் என்று உறுதி தர முடியுமா என்று தாங்கள் கேட்டவுடனே, யாரையும் கலக்காமல், அங்கேயே உட்கார்ந்து, 'கண்டிப்பாக விட்டுவிடுவாள், இது என் வாக்கு' என்று பதில் போட்டேன்? என் விரலால் நானே தட்டி அனுப்பியது அந்த ஒன்றுதான், அதை நம்புங்கள்.

அந்த வாக்கின் அருமை தங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அவள் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிறாள். 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பொறுமையாகக் கேட்கிற வேலை. எங்கள் வகுப்பில் மூக்கில் கண்ணாடி வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அளவு பார்த்தது அவள்தான். ஹார்ன் போன்ற முரட்டு ஆள்கூட, "ஒம் பொண்ணு புண்ணியத்துலதான் எழுத்தே தெரியுது" என்பார். அடுத்த மாதம் முதல் குழந்தைகளுக்குப் பார்வை பார்க்கிற தனி அறையை அவள் பொறுப்பில் விடப்போகிறார் டாக்டர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம். அதையெல்லாம் விட்டுவிட்டு வருவாள் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும்?

ஆகவே ஐயா, கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நான்காவது மெயில் பொய். அதை எழுதினவன் கை விளங்காது. ஒரு வரி, பேரில்லாத ஒருத்தன் எழுதின ஒரு வரி, இரண்டு குடும்பத்தைப் பிரித்துவிடக் கூடாது. நிச்சயத்தை இந்த மாதமே வைத்துக்கொள்வோம். நாள் குறிப்பது உங்கள் சௌகரியம். மாடிக் குளியலறையும் உங்கள் இஷ்டப்படியே இருக்கட்டும், குழாயைப் பற்றி எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இனிமேல் அந்த ஜன்னல் பக்கத்துக் கம்ப்யூட்டரை என் விரல் தொடாது. என் பெயரில் எந்த மெயில் வந்தாலும், அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நம்பாதீர்கள்.

தாங்கள் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு என் வீட்டுக்காரியின் நமஸ்காரங்கள். மாப்பிள்ளைக்கு என் பரிபூரண ஆசி, இரண்டு தோளுக்கும் சமமாக. தங்கள் வீட்டுச் சுவர் ஒருகாலும் ஊறாமல் நூறாண்டு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, தங்கள் ஒரு வரிப் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,

தங்கள் (வருங்கால) சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், எல்லாம் பாந்தமாக வந்திருக்கிறதா என்று வீட்டுக்காரிக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். பாதியில் பெண் வேலை முடிந்து வந்துவிட்டாள். தோளில் பையை மாட்டியபடியே கதவோரம் நின்று கேட்டாள். 'கை விளங்காது' என்று நான் குரலை உயர்த்திப் படித்த இடத்தில் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். முடித்ததும், "அப்பா, அந்த நாலாவது நான் போட்டது" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது, மண்டைக்குள் போகவில்லை. "நீயா? எம் பேர்லயா?"

"உங்களக் கூட்டிக்கிட்டு வரத்தான் அன்னைக்கு நூலகத்துக்கு வந்தேன். நீங்க முன் ரூம்ல மிஷின்கூட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. உங்க மெயில் திறந்தே கெடந்துச்சு. மூடி வைக்கலாம்னுதான்பா உக்காந்தேன். 'வேலையை விட்டுவிடுவாள் என்று தாங்கள் வாக்குக் கொடுத்ததில் மகிழ்ச்சி'ன்னு அவங்க எழுதியிருந்தாங்க. அதப் படிக்கிற வரைக்கும், நான் வேலைய விடப்போறேன்னு எனக்கே தெரியாது."

"அதுக்கு? எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

"எப்ப சொன்னே?"

"நீங்க அட்டையில கட்டம் கட்டமா எழுத்து எழுதி, மேஜைல வெச்சு டைப் அடிச்சுப் பழகுவீங்களே, அப்ப வந்து சொன்னேன். இந்த எடம் எனக்கு வேணாம்ப்பான்னு. 'இரு இரு, பேச்சுக் குடுக்காத, விரல் தப்பிப் போகுது'ன்னீங்க. மறுநாளும் வந்து சொன்னேன். சரின்னு தலையாட்டினீங்க, ஆனா அட்டையவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்ல."

தலையாட்டினது எனக்கு ஞாபகமிருக்கிறது. எதற்கு ஆட்டினேன் என்பதுதான் ஞாபகமில்லை. "சரி, உம் பேர்லயே போட்டிருக்கலாமே" என்றேன், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"எம் பேர்ல போட்டா யாருப்பா படிப்பாங்க? நீங்களே கேக்கலையே" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை ஐயா. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எங்கிட்டயும் சொன்னாளுங்க. அப்பாகிட்ட நேரா சொல்லுடீன்னு நான்தான் அனுப்பிவெச்சேன்" என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊரார் கடிதத்தை ஒன்று விடாமல் உரியவர் கையில் சேர்த்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டவன், என் வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் சொன்ன ஒரு வார்த்தையை வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் முன்னாலேயே அழுதேன். "சரி விடுங்கப்பா" என்று அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம். ஆனால் மற்ற மூன்றையும் யார் எழுதினார்கள் என்பது தங்களுக்குத் தெரிய வேண்டும், தவிர எனக்கு இன்னொரு முறை இவ்வளவு எழுதக் கையிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை. ஆகவே மேலே நான் செய்திருக்கிற சத்தியம், சாபம், கெஞ்சல் எல்லாவற்றையும் தாங்களே அடித்துவிடுங்கள். முக்கியமாக அந்தக் கை விளங்காது என்பதை முதலில் அடித்துவிடுங்கள். நான் கொடுத்த வாக்கையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், அது என்னுடையதல்ல, கொடுக்க எனக்கு உரிமை இல்லை. தங்கள் பிள்ளையின்மேல் ஒரு குறையும் இல்லை. இனி வரும் வரியை நூலகத்தில் யாரும் எழுதவில்லை, வெளியாள் எவனும் எழுதவில்லை, என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, அவள் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நானே என் கைப்பட எழுதுகிறேன்:

பெண்ணுக்கு இஷ்டமில்லை. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா